ஒரு முறம் அளவு காரை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கென்று ஒருவர் இருந்தார். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பாதி நாள் மணியை அடித்தது பெரிய டீச்சர்தான். மணிக்காரர் வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வர அரை நிமிடம் பிந்தினால் போதும். பெரிய டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து போய்க் கயிற்றை இழுத்துவிடுவார். மணிக்காரர் ஓடிவந்து தூணோரம் நிற்பார். பெரிய டீச்சர் அவரை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவரைத் தாண்டி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

“ஏசினாக்கூட மனசு ஆறிரும் டீச்சர்,” என்று அந்த மனுஷர் ஒருநாள் என்னிடம் சொன்னார். “நான் ஒருத்தன் இங்கன இல்லாத மாதிரில்லா போறாவ.”

தென்காசியில் ரயிலடிக்குப் போகும் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகளுக்கானது, ஐந்தாம் வகுப்பு வரை. நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருடம் நான் அங்கே நாலாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான்.

பெரிய டீச்சர் என்று எல்லோரும் சொன்னது எங்கள் தலைமையாசிரியையை. அவருக்கு அப்போது ஐம்பதுக்குள்தான் இருக்கும். கிறிஸ்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊர் கீழப்பாவூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். நெட்டையான, ஒடிசலான உடம்பு. சேலைத் தலைப்பு எப்போதும் இடுப்பில் செருகியபடியே இருக்கும், அடுத்து ஏதோ வேலை வரப்போகிற மாதிரி.

வேலையும் வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூக்குக்குள் பாசிமணியைத் திணித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா, அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள், அவர் தன் கொண்டை ஊசியை வளைத்து மணியை வெளியே எடுத்துவிட்டார். கிணற்றில் வாளி விழுந்தபோது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உறைப்படியில் கால்வைத்து இறங்கினார். கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலையைப் பிழிந்தார்.

“ஆளக் கூப்பிட்டிருக்கலாமே டீச்சர்,” என்றேன்.

“ஏன், நமக்குக் கையில்லையா?” என்றார்.

அதுதான் அவர் சொல்லும் சொல். சாக்பீஸ் பெட்டி மேல்தட்டில் இருந்தால், கதவுக் கீல் கழன்றால், வாசலில் செத்த நாய் கிடந்தால், எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல அது. கேட்கும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்.

அவருடைய அண்ணன் ரங்கூனுக்குப் போனதாகவும், வந்து எல்லாம் செய்கிறேன் என்று அவன் எழுதிய கடிதங்களை நம்பி அவர் பல வருடம் இருந்ததாகவும், அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்றும் ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொல்வார். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கவும் கூடும்.

நான் சேர்ந்த மறுவருடம், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க ஆறு நாள் இருக்கையில், சுத்தம் செய்வதற்காக நாங்கள் இரண்டு பேரும் அறைகளைத் திறந்தோம். என் நாலாம் வகுப்பு அறையில் தரையெல்லாம் வெள்ளைத் தூளாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால், நடு உத்தரத்தை ஒட்டி ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து, உள்ளே செங்கல் தெரிந்தது. போன வருடத்து மழை மட்டப்பாக் கூரையில் இறங்கியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருவதாக ஏற்பாடு. பள்ளி திறந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அதற்குள் அந்த ஓட்டையைப் பூச வேண்டும். தென்காசியில் ஒரு கொத்தனார்கூடக் கிடைக்கவில்லை. சாரல் தொடங்கும் நேரம். எல்லாரும் குற்றாலத்தில் சீசன் பங்களாக்களுக்குப் பூச்சு வேலைக்குப் போயிருந்தார்கள்.

“வா, போயிக் கேப்போம்,” என்றார் பெரிய டீச்சர்.

பஸ் வரவில்லை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று மைலுக்கு மேல் இருக்கும். பாதித் தூரத்தில் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கை காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். அவர் பஸ்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் செருப்பு கடித்த காலோடு பின்னால் நடந்தேன்.

எங்களுக்குத் தெரிந்த கொத்தனார் வடகரைக்காரர். ஒரு பங்களாவில் சாரத்தின் மேல் நின்று மேல்தளம் பூசிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டார்.

“பதினஞ்சு நாளு பொறுங்க டீச்சரம்மா. நானே வந்து பூசித் தாரேன்.”

“அதுவரைக்கும் பொறுக்க முடியாது. எப்படிப் பூசணும்னு சொல்லுங்க.”

அவர் சிரித்தார். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை என்று கண்டதும் சொல்ல ஆரம்பித்தார். ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கெல்லாம் பொத்துச் சத்தம் கேட்கிறதோ, அதையெல்லாம், எவ்வளவு அகலம் போனாலும், உதிர்த்துவிட வேண்டும். அப்புறம் செங்கல் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை நனைக்க வேண்டும். முதல் பூச்சு சொரசொரப்பாக, மறுநாள் இரண்டாவது பூச்சு. பத்து நாள் காய விட்டுத்தான் வெள்ளையடிக்க வேண்டும்.

“மேல பூசுத வேலைல அவசரம் ஆகாதும்மா. சுவர்னா பெயந்து கால்ல விழும். இது தலைல விழும்,” என்றார்.

அதைச் சொல்லிவிட்டு, தான் குழைத்து வைத்திருந்த சுண்ணாம்புக் கலவையில் ஒரு வாளியும், ஒரு கரண்டியும், தேய்க்கும் மணியாசுக் கட்டையும் கொடுத்தனுப்பினார். வாளியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி வந்தோம். வரும்போது பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸில் இருந்தவர்களும் சந்தில் நின்றவர்களும் கேட்டார்கள், அது வடகரைக் கொத்தனார் வாளி என்று சொன்னோம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மறுநாள் மேசை மேல் மேசை போட்டு அவர் ஏறினார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். கரண்டிக் காம்பால் ஓட்டையைச் சுற்றித் தட்டினார். மூன்று பக்கம் கட்டியான சத்தம். உத்தரத்துப் பக்கம் தட்டியபோது வேறு சத்தம் கேட்டது, காலி டப்பாவைத் தட்டுகிற மாதிரி. அவர் கையை இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினார். அதே சத்தம். இன்னும் தள்ளி. அதே சத்தம்.

“டீச்சர், அந்தப் பக்கம் பொத்துன்னு கேக்கு,” என்றேன்.

அவர் அண்ணாந்தபடியே நின்றார். அவர் என்ன கணக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையே போட்டேன். அதை உதிர்த்தால் பாதி அறையின் காரை வந்துவிடும். திங்கட்கிழமைக்குள் இரண்டு பெண்களால் அதைப் பூச முடியாது. அறையைப் பூட்டி வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்பார். பள்ளிக்கூடத்து மேனேஜர் கோபப்படுவார்.

“நிக்கும்,” என்றார்.

நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் சொல்லவில்லை.

பத்து நாள் காய விடுவதைத் தவிர மற்றதையெல்லாம் அவர் கொத்தனார் சொன்னபடியே செய்தார். செங்கலை நனைத்து நனைத்து, தண்ணீர் அவர் முழங்கை வழியாக வழிந்து ரவிக்கை நனைந்தது. சனிக்கிழமை இரண்டாவது பூச்சு. அதன் ஓரத்தைப் பழைய காரையோடு சேர்ப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஈரச் சாக்கால் ஒற்றினார். கட்டையால் வட்டமாகத் தேய்த்தார். அப்புறம் சலித்த சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரிக் குழைத்து, உள்ளங்கையால் மெல்லிசாகத் தடவினார். சாயங்காலம் என்னை அரிக்கேன் விளக்கைக் கொளுத்திப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடெல்லாம் அப்போது நிழல் விழுந்து தெரியும். மயிரிழை மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தது. அதையும் கண்ணாடிப் பாட்டிலின் வயிற்றால் தேய்த்து எடுத்தார். அண்ணாந்து அண்ணாந்து அவருக்குக் கழுத்து திரும்பவில்லை. கீழே இறங்கி, தலையை நிமிர்த்த முடியாமல், என்னைப் பார்த்து, “தெரியுதா?” என்றார்.

“தெரியல டீச்சர்.”

உண்மையிலேயே தெரியவில்லை. திங்கட்கிழமை வெள்ளையடித்தார்கள். பூச்சு உலர்ந்திருக்கவில்லை. வெள்ளையடிக்க வந்தவர்களுக்கே எந்த இடம் என்று காட்டித்தான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் அறையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூலையில் விழுந்தது. மூன்று நாளாகச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தியின் சிலேட்டில் எழுத்து கோழி கிண்டியது போலிருந்ததால், குனிந்து, அவள் கையைப் பிடித்து எழுத வைத்தேன். பிற்பாடு ஊரில், பிள்ளையின் மேல் கவிழ்ந்து நான் காப்பாற்றினேன் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை. மேலிருந்து எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. இடது தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் ஏதோ விழுந்தது. வலிக்கவில்லை. வாயில் சுண்ணாம்பு ருசி மட்டும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் அலறுவது பக்கத்துத் தெருவில் கேட்பது போலக் கேட்டது.

பெரிய டீச்சர் வந்தார். என் மேல் கிடந்ததைத் தூக்கிப் போட்டார். தரையில் கன்னம் வைத்துக் கிடந்த எனக்குக் கண்ணுக்கு நேராக ஒன்று தெரிந்தது. பழைய காரையெல்லாம் நொறுங்கித் தூளாகக் கிடந்தது. அவர் பூசிய ஒரு முறம் அளவு மட்டும் உடையாமல் ஒரே துண்டாகக் கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

என்னை ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார். அப்பா வந்ததும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனார். அறையை அவரே கூட்டினார், நாலாம் வகுப்பைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து மிச்சப் பாடத்தை நடத்தினார், நாலு மணிக்கு மணி அடித்தார். “கல்லுநெஞ்சுக்காரி,” என்று அம்மா சொன்னாள். எனக்கு அப்படியும் தோன்றவில்லை, வேறு எப்படியும் தோன்றவில்லை.

தோள் எலும்பு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. இடது கை விரல்கள் கூடவில்லை. டாக்டர் குண்டூசியால் ஒவ்வொரு விரலாகக் குத்தி, “தெரியுதா?” என்று கேட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெரிந்தன. மற்ற மூன்றும் வேறு யாருடையவோ போலிருந்தன. மெல்ல அசைக்க முடிந்தது, தொட்டதுதான் தெரியவில்லை. அடுப்பில் கை பட்டால் தீய்ந்த வாடை வந்துதான் எனக்குத் தெரியும். டாக்டர் ஒரு வருடத்தில் சரியாகலாம் என்றார். சரியாகவில்லை என்பதை இப்போது சொல்லிவிடலாம்.

நான் வீட்டில் இருந்தபோது விசாரணை நடந்தது. அங்கே நடந்ததை ஐந்தாம் வகுப்பு டீச்சர் வந்து எனக்குச் சொன்னார். மேனேஜர் வயதானவர், கெட்டவர் அல்ல. பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைத்தார். வடகரைக் கொத்தனாரை வரவழைத்து, தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். வாளி அவருடையது என்று சாட்சி சொல்ல நாலு பேர் இருந்தார்கள். அவருடைய வேலை சரியில்லை என்று எழுதிவிட்டால் முடிந்தது.

“எம்மா, நான் அங்கன வரவே இல்லியே,” என்று கொத்தனார் பெரிய டீச்சரைப் பார்த்துச் சொன்னாராம்.

பெரிய டீச்சர் எழுந்து நின்று, “இவரு இந்த ரூமுக்குள்ள காலே வைக்கல. நான்தான் பூசினேன்,” என்றார்.

“பொம்பள ஏறிப் பூசினாவன்னு எழுத முடியுமா டீச்சர்?” என்று மேனேஜர் கேட்டார்.

“எழுதுங்க. பொத்துச் சத்தம் கேட்டுது. உதிர்க்கணும்னு இவரு சொல்லித்தான் அனுப்பினாரு. நான் உதிர்க்கல. அதையும் எழுதுங்க.”

கூட யார் இருந்தது என்று கேட்டார்கள். அவர் தனியாகச் செய்ததாகச் சொன்னார். இதைக் கேட்டபோது என் மடியில் அம்மா உரித்து வைத்த சாத்துக்குடி இருந்தது. அதைத் தின்று முடித்தேன். நானும் இருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடத்துக்கு அப்புறம் இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

தலைமையாசிரியை பதவியை எடுத்துவிட்டு, அவரை ஒன்றாம் வகுப்புக்குப் போட்டார்கள். வேறு ஊரிலிருந்து ஒருவர் தலைமைக்கு வந்தார். பின்னறையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பெரிய டீச்சர் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனார். ஊர் அவரைப் பெரிய டீச்சர் என்றேதான் கூப்பிட்டது. நமக்குக் கையில்லையா என்கிற சொல்லை மட்டும் அதற்கப்புறம் அவர் வாயில் நான் கேட்கவில்லை.

தோள் கட்டு அவிழ்த்த வாரம், ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், மாடத்திலிருந்த சீப்பை எடுத்தார், என் பின்னால் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்தார்.

“எம் பிள்ளைக்குத் தலை பின்னிவிட நான் இருக்கேன்,” என்றாள் அம்மா.

“நீங்க அடுப்பப் பாருங்க. பொங்கி வழியுது,” என்றார் பெரிய டீச்சர்.

அடுப்பு வழிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா போனாள். அன்றிலிருந்து தினமும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குப் போகும் முன்னாலும் வந்தார். இறுக்கமாக, ஒரு முடி பிசிறாமல் பின்னுவார். எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். மன்னிச்சுக்கோ என்று சொல்லமாட்டார். பின்னி முடித்து, ரிப்பனைக் கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். மார்கழிக் குளிரிலும் வந்தார். நான் மறுபடி வேலையில் சேர்ந்த பிறகும் வந்தார். அம்மா அவருக்கு ஒரு நாளும் காப்பி கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்திருந்ததா? தெரியாது. அந்த மாதங்களில் எனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்றே தெரியவில்லை. தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த விபத்துக்கு முன்னால் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செங்கோட்டை, தபாலாபீசில் வேலை. செங்கோட்டை அப்போதுதான் மலையாளத்து ராஜ்யத்தைவிட்டு நம் பக்கம் சேர்ந்திருந்தது. ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணத்தைத் தைக்குத் தள்ளினார்கள். தை பிறக்கும் முன்னால் மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் வந்தார்கள். பேசிக்கொண்டே இருந்துவிட்டு, “தண்ணி எடுத்துட்டு வா மோளே,” என்றார் அத்தை. சொம்பை வலது கையில் எடுத்தேன். “தட்டத்தையும் எடு,” என்றார். இடது கையில் தட்டை எடுத்தேன். தட்டு நழுவி விழுந்தது. யோசித்துச் சொல்வதாகப் போனார்கள்.

இது நடந்தது சனிக்கிழமை. யோசிக்கட்டும், அவர்களாக எழுதட்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருந்தது என்று அவருடைய நண்பர் ஒருவர் வழியாகத் தெரிந்திருந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தேன் என்றால் அதைத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் பெரிய டீச்சர் செங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். எங்களிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து, கை எப்படிப் போனது, யாரால் போனது, வீட்டு வேலைக்கு அது எவ்வளவு போதும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். “இப்பச் சொல்லுங்க, செய்யுதீங்களா இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். அப்படி நேருக்கு நேராகக் கேட்டால் மனிதர்கள் என்ன சொல்வார்கள்? “இல்லைன்னே வச்சுக்கோங்க,” என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதே பதில்தான் வந்திருக்கும் என்றும் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். “செங்கோட்டைக்குப் போயிருந்தேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க. இழுத்துக்கிட்டுக் கெடக்காம முடிஞ்சிது.”

அம்மா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிற்பாடு நடந்தவை அதிகம் இல்லை. அறுபத்து மூன்றில் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் கடையம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், மனைவியை இழந்தவர், நல்லவர். பெரிய டீச்சர் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஓய்வு பெற்றபின் கீழப்பாவூரில் தம்பி மகள் வீட்டில் போய் இருந்தார். அறுபத்தெட்டில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தகவல் வந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தேன், துணி மடித்தேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுதிய அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெரிய டீச்சரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ சொல்லச் சொன்னால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையைச் சொல்ல முடியும்.

அவர் வழக்கம் போல என் பின்னால் உட்கார்ந்து சீப்பை எடுத்தார். என் முடியில் கை வைத்தார்.

“விடுங்க,” என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை, அல்லது விழாதது போல முடியைப் பிரித்தார்.

நான் திரும்பினேன். “விடுங்கன்னு சொல்லுதேன்லா.”

அவர் கையை எடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கத்தவில்லை. என் குரல் எனக்கே தட்டையாகக் கேட்டது. “இந்த ஆறு மாசத்துல எனக்கு என்ன வேணும்னு ஒருநாளாவது கேட்டீங்களா டீச்சர்? தலை பின்னட்டுமான்னு கேட்டீங்களா? செங்கோட்டைக்குப் போகட்டுமான்னு கேட்டீங்களா?”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியாத ஆளாக அவரை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் கேட்டார்.

“என்னட்டி வேணும் ஒனக்கு?”

ஆறு மாதமாக யாரும் கேட்காததால் நானும் அதை யோசித்திருக்கவில்லை. கையை நீட்டினேன். “சீப்பக் குடுங்க.”

கொடுத்தார்.

வலது கையால் வாரினேன். முடியை மூன்றாகப் பிரித்தேன். வலது கையில் ஒன்று, இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று, நடுக்கால் முதுகில். முதல் பின்னலிலேயே இடது கையின் மற்ற மூன்று விரல்களுக்கு மாற்றிய கால் நழுவியது. நழுவியது எனக்குத் தெரியவில்லை. வெறும் விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தேன். மறுபடி பிரித்தேன். இரண்டாவது தடவை நாலு பின்னல் வரை வந்து, நடுக்கால் எது என்று குழம்பி அவிழ்ந்தது. அவர் கை தானாக என் தலையை நோக்கி வந்தது. சுவரில் மாட்டிய கண்ணாடியில் அதைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். கையைத் திரும்ப இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது தடவை. நாலாவது தடவை. தோள் வலித்தது. எட்டு மணி சங்கு ஊதியது. அம்மா வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். எட்டரைக்குள் அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார், நான் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் அது தவறியதில்லை. சுவர்க் கடிகாரம் அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிவரைக்கும் பின்னி முடித்தபோது மணி ஒன்பதரை. கோணலாக, அங்கங்கே முடி பிதுங்கிக்கொண்டு இருந்தது. ரிப்பனைப் பல்லால் கடித்துக் கட்டினேன்.

“அம்மா, டீச்சருக்குக் காப்பி குடு,” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போனாள். பெரிய டீச்சர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். அவை மரத்துப்போயிருந்தன போல. தம்ளரை வாங்க முடியாமல் விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். காப்பி ஆறும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடம் முடிந்து மணி அடித்துக்கொண்டிருந்தது.